நெட் வேகம் எங்கே தொலைகிறது: வீட்டு பிராட்பேண்டை நீங்களே சோதித்துச் சரிசெய்யும் வழி

நெட் மெதுவாக இருக்கிறது என்று போன் செய்தால் முதலில் கிடைக்கும் பதில், "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க". மறுபடி கூப்பிட்டால், "இதைவிடப் பெரிய பிளானுக்கு மாறிப் பாருங்க". இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவில் பல வாரம் அல்லாடியவன் நான். ஆஃப் செய்து ஆன் செய்தால் கொஞ்ச நேரம் பறக்கும். அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. கடைசியில் கோளாறு லைனிலும் இல்லை, பிளானிலும் இல்லை. ஃபைபர் வந்து இறங்கும் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவில் கிடந்த ஒரு முழ லேன் கேபிளில் இருந்தது.

அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். வேகம் எந்த இடத்தில் குறைகிறது என்று தெரியும்வரை ஒரு காசு செலவழிக்காதீர்கள். தெருவிலிருந்து வரும் லைன், வீட்டில் உள்ள பெட்டிகளும் கேபிள்களும், வைஃபை, உங்கள் போன் அல்லது லேப்டாப் என்று நாலே இடம்தான். வெளியிலிருந்து உள்ளே ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். வைஃபையில் ஆரம்பித்தால் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதைதான்.

நேரக் கணக்கு: சோதனைகளை ஒரு மாலைப் பொழுதில் முடித்துவிடலாம். ஆனால் காலை, மாலை வித்தியாசம் தெரிய மூன்று நாலு நாள் அளவுகள் தேவை. செலவு என்று பார்த்தால், ஒரு நல்ல லேன் கேபிள். ஒன்பதாவது படி வரும்வரை வேறு எதுவும் வாங்க வேண்டியதில்லை.

1. பில்லை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்

கடைசி பில்லையும் பிளான் விவரப் பக்கத்தையும் எடுங்கள். நான்கு விஷயம் பார்க்க வேண்டும்: பதிவிறக்க வேகம், பதிவேற்ற வேகம், மாத டேட்டா வரம்பு, அந்த வரம்பு தாண்டினால் கிடைக்கும் வேகம். நாலாவதைப் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. மாதக் கடைசியில் மட்டும் நெட் படுத்துக்கொண்டு, புது பில் தேதி வந்ததும் எழுந்து உட்கார்ந்தால் வேறு எங்கேயும் தேட வேண்டாம், வரம்பு முடிந்துவிட்டது. பதிவேற்ற வேகத்தைத் தனியாகக் கவனியுங்கள். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது பதிவிறக்க வேகம்தான்; பல பிளான்களில் பதிவேற்றம் அதில் கால்வாசிகூட இருக்காது.

அலகையும் இங்கேயே தீர்த்துக்கொள்வோம். கம்பெனி விற்பது நொடிக்கு இத்தனை மெகாபிட் (எம்பிபிஎஸ்) என்ற கணக்கில். கோப்பு இறங்கும்போது கணினி காட்டுவது மெகாபைட் கணக்கில். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 100 எம்பிபிஎஸ் பிளானில் நொடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் வரவே வராது. நடைமுறையில் 11, 11.5 வந்தால் லைன் முழு வேகத்தில் ஓடுகிறது என்று அர்த்தம். "100 வாங்கினேன், 11தான் வருகிறது" என்று சண்டை போடும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

2. கேபிள் போட்டு அளந்து பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். லேப்டாப்பை லேன் கேபிளால் ரவுட்டரில் நேரடியாக இணையுங்கள். லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால் எதன் வழியாக அளக்கிறோம் என்றே தெரியாது. வீட்டில் மற்ற எல்லாக் கருவிகளும் நெட்டை விட்டு இறங்கட்டும். விபிஎன் (நெட்டை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றிவிடும் செயலி) ஓடினால் நிறுத்துங்கள்.

ஒரே சோதனைத் தளத்தை நம்பாதீர்கள். ஊக்லாவின் ஸ்பீட்டெஸ்ட் உங்களுக்கு அருகில் இருக்கும் சர்வரைத் தேடிப் பிடித்து அளக்கும். பல நேரம் அந்த சர்வர் உங்கள் கம்பெனியின் வலைக்குள்ளேயே இருக்கும் என்பதால் எண் அழகாக வரும். ஃபாஸ்ட்.காம் நெட்ஃபிளிக்ஸின் சர்வர்களிலிருந்து அளக்கிறது. கிளவுட்ஃபிளேரின் சோதனை பிங் (ஒரு செய்தி சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம்) ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துக் காட்டும். முதலாவதில் 100, இரண்டாவதில் 30 என்று வந்தால் உங்கள் வீட்டு வரை லைன் சரி, கம்பெனிக்கும் வெளியுலகத்துக்கும் நடுவில்தான் நெரிசல்.

காலையில், இரவு 8 முதல் 10 மணிக்குள், நள்ளிரவுக்குப் பிறகு என்று மூன்று வேளை அளந்து, ஒவ்வொரு முறையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தேதியும் நேரமும் படத்தில் தெரிய வேண்டும். பின்னால் புகாருக்கு இவைதான் ஆவணம்.

இப்போது எண்களைப் படிப்போம். மூன்று வேளையும் பிளானில் சொன்ன வேகத்தை ஒட்டி வந்தால், லைன் நல்லாத்தான் இருக்கிறது. நேராக 5ஆம் படிக்குப் போங்கள். பகலில் சரியாக இருந்து இரவில் மட்டும் விழுந்தால் பகிர்வு நெரிசல். வீடுகளுக்கு வரும் ஜிபான் வகை ஃபைபரில் ஒரு இழை பிரிந்து பெரும்பாலும் 32 அல்லது 64 வீடுகளுக்குப் போகிறது, கிட்டத்தட்ட 2.5 ஜிகாபிட் (ஒரு ஜிகாபிட் 1000 மெகாபிட்) பதிவிறக்கத்தை அத்தனை வீடும் பங்கு போட்டுக்கொள்கின்றன. அதற்கு நீங்கள் வீட்டில் செய்யக்கூடியது எதுவும் இல்லை, புகார்தான் வழி. எல்லா வேளையும் குறைவு என்றால் அடுத்த படி.

ஒரு எச்சரிக்கை: லேன் போர்ட் இல்லாத லேப்டாப்புக்கு யுஎஸ்பி அடாப்டர் வாங்குவோர் விலை பார்த்து யுஎஸ்பி 2.0 ரகத்தை வாங்கிவிடுகிறார்கள். அதில் ஜிகாபிட் வேகம் வராது. யுஎஸ்பி 3 ஜிகாபிட் என்று எழுதியிருப்பதை யாரிடமாவது இரவல் வாங்கினால்கூடப் போதும்.

3. 94 என்ற எண்ணைப் பார்த்தால் உஷாராகுங்கள்

பிளான் 200 அல்லது 300. சோதனையில் 93, 94, 95. எத்தனை முறை பார்த்தாலும் அதைத் தாண்டாது. இது தற்செயல் இல்லை. லேன் கேபிளுக்குள் 8 கம்பிகள், நாலு ஜோடிகளாக முறுக்கியிருக்கும். ஜிகாபிட் வேகத்துக்கு நாலு ஜோடியும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். ஒரு கம்பி உள்ளே அறுந்தாலோ, பின்னில் சரியாகத் தொடாவிட்டாலோ, இரண்டு முனையிலும் உள்ள கருவிகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிக்கொள்ளும். தரவோடு சேர்ந்து போகும் முகவரி முதலான கூடுதல் தகவல்களைக் கழித்து 94 வரும். பிழைச் செய்தி, சிவப்பு விளக்கு எதுவும் கிடையாது. நெட் "ஓடும்". அதனால்தான் இதை யாரும் கண்டுபிடிப்பதில்லை.

ரவுட்டரின் போர்ட்டை உற்றுப் பாருங்கள். பல ரவுட்டர்களில் அந்தப் போர்ட் விளக்கு ஜிகாபிட்டுக்கு ஒரு நிறத்திலும் 100க்கு வேறு நிறத்திலும் எரியும். விண்டோஸில் ஈதர்நெட் அமைப்பைத் திறந்தால் இணைப்பு வேகம் 1000/1000 என்றோ 100/100 என்றோ எழுதியிருக்கும். 100 என்றால் கேபிளைக் கையில் எடுங்கள். முனையில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் கொக்கி உடைந்திருக்கிறதா, மேசைக் காலுக்கு அடியில் நசுங்கியிருக்கிறதா, மேலுறையில் கேட் 5இ அல்லது அதற்கு மேல் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். கேட் 5இ ஒழுங்காக இருந்தால் 100 மீட்டர் வரை ஜிகாபிட் தாங்கும். வீட்டுக்கு அதைவிட விலை கூடிய கேபிள் தேவையில்லை.

சோதிக்க வேண்டிய கேபிள் லேப்டாப்புக்கு வருவது மட்டும் இல்லை. ஃபைபர் பெட்டியிலிருந்து ரவுட்டருக்குப் போவதையும் மாற்றிப் பாருங்கள். என் வீட்டில் அதுதான். மாற்றிய பிறகும் 94தான் என்றால் ரவுட்டரின் போர்ட்டே 100 மெகாபிட் ரகமாக இருக்கலாம். விலை குறைந்த ரவுட்டர்களில் பெட்டிமேல் பெரிய பெரிய வைஃபை எண் அச்சிட்டிருப்பார்கள். உள்ளே வரும் வாசல் 100தான்.

4. லைனைப் பற்றிப் பெட்டியிடமே கேளுங்கள்

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் முகவரியும் பாஸ்வேர்டும் இருக்கும். முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. பிரவுசரில் தட்டி உள்ளே போங்கள். கையோடு அந்த நிர்வாகப் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.

ஃபைபர் இணைப்பு என்றால், பெட்டியில் 'எல்ஓஎஸ்' விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை. எரியவில்லை என்பதற்காக எல்லாம் சரி என்றும் சொல்ல முடியாது. நிலைப் பக்கத்தில் ஒளியளவு இருக்கும், டிபிஎம் என்ற அலகில். மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைவு. மைனஸ் 8க்கும் மைனஸ் 27க்கும் நடுவில் இருக்க வேண்டும். மைனஸ் 26, 27 என்றால் விளிம்பில் நிற்கிறது. கொஞ்சம் மோசமானாலும் அறுந்து அறுந்து வரும். ஃபைபர் எங்காவது கதவிடுக்கில் மடங்கியிருக்கிறதா, ஆணியில் இறுக்கிச் சுற்றியிருக்கிறதா பாருங்கள். மடிப்பை மெதுவாகத் தளர்த்தலாம். முனையைக் கழற்றாதீர்கள். கழன்ற முனைக்குள் கண்ணை வைத்துப் பார்க்கவே கூடாது. உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

தொலைபேசிக் கம்பி வழியாக வரும் டிஎஸ்எல் என்றால், மோடத்தை வீட்டுக்குள் கம்பி நுழையும் முதல் சாக்கெட்டில் நேரடியாகப் போட்டுப் பாருங்கள். அங்கே வேகம் கூடினால் வீட்டு உள்வயரிங்தான் குற்றவாளி. தொலைபேசி சேர்ந்திருந்தால் ஃபில்டர் (குரலையும் நெட்டையும் பிரிக்கும் சிறு கருவி) கட்டாயம். எஸ்என்ஆர் அளவு (இரைச்சலைத் தாண்டி சிக்னலுக்கு மிஞ்சும் இடைவெளி) 6 டெசிபலுக்குக் கீழே இருந்தால் லைனில் இரைச்சல் அதிகம். டிஎஸ்எல்லில் ஒரு பொறி உண்டு: திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்தால், லைன் நிலையில்லாமல் இருக்கிறது என்று கம்பெனியின் தானியங்கி அமைப்பு நினைத்துக்கொண்டு வேகத்தை இன்னும் குறைத்துவிடலாம். ஒரு முறை செய்தால் போதும், கையை எடுத்துவிடுங்கள்.

டிவி கேபிள் வழி என்றால் வழியில் உள்ள பிரிப்பான்களை எண்ணுங்கள். இரண்டாகப் பிரிக்கும் ஒவ்வொன்றும் சுமார் 3.5 டெசிபல் தின்னும். தேவையில்லாததைக் கழற்றுங்கள்.

5. இப்போதுதான் வைஃபை

கேபிளில் 200, சோபாவில் 25 என்றால் பிரச்சினை உங்கள் கைக்குள் வந்துவிட்டது, இனி யாருக்கும் போன் செய்ய வேண்டாம். முதலில் ரவுட்டரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்று போனில் அளங்கள். அப்புறம் ஒவ்வொரு அறையாக. வைஃபை அனலைசர் ரக ஆப் ஏதாவது ஒன்றைப் போட்டு சிக்னல் அளவையும் குறியுங்கள். இதுவும் டிபிஎம் அலகில்தான்: மைனஸ் 50 அருமை, மைனஸ் 67 வரை வீடியோ காலுக்குக் கவலையில்லை, மைனஸ் 80 என்றால் இணைப்பு இருக்கும், வேலை நடக்காது.

இரண்டு அலைவரிசைகள் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஆனால் அக்கம்பக்கத்து ரவுட்டர், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அங்கேதான் கூடியிருக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவரைக் கண்டால் சோர்ந்துபோகும். ஒரே அறை, அடுத்த அறை என்றால் 5. தொலைவில் உள்ள கேமரா, ஸ்மார்ட் பிளக் வகையறாவுக்கு 2.4. இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் போன் பல நேரம் 2.4ஐயே பிடித்துத் தொங்கும். சந்தேகம் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துச் சோதியுங்கள்.

ரவுட்டர் எங்கே இருக்கிறது? அலமாரிக்குள், டிவிக்குப் பின்னால், தரையில், இரும்பு பீரோ பக்கத்தில் என்றால் முதலில் வெளியே எடுங்கள். வீட்டின் நடுவாக, ஆள் உயரத்துக்கு, திறந்த இடத்தில் இருக்க வேண்டும். உலோகமும் கண்ணாடியின் பின்பூச்சும் அலையைத் திருப்பி அடிக்கும். மீன்தொட்டித் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். ஃபைபர் வாசல் பக்கம் இறங்கியிருந்தால் அந்தப் பெட்டி அங்கேயே இருக்கட்டும், நீளமான லேன் கேபிள் ஒன்று இழுத்து ரவுட்டரை மட்டும் நடுவுக்குக் கொண்டுவரலாம். யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கை ரவுட்டரில் ஒட்டிச் செருகியிருந்தால் கழற்றிவிட்டு ஒரு முறை அளந்து பாருங்கள். அதன் இரைச்சல் 2.4இல் விழும். இது நிறைய பேருக்குத் தெரியாது.

அப்புறம் அமைப்புகள். 2.4இல் சேனல் 1, 6, 11 ஆகிய மூன்றில் எது காலியோ அதை வையுங்கள். இந்த மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. 3, 4 என்று நடுவில் வைத்தால் இரண்டு பக்கத்து இரைச்சலும் உங்களுக்கு. சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். 5இல் 80 வைக்கலாம். 5இல் 52 முதல் 144 வரையான சேனல்களில் ரேடார் இருக்கிறதா என்று ரவுட்டர் கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும். ஆகவே ஆன் செய்து குறைந்தது ஒரு நிமிடம் அந்தப் பெயர் கண்ணில் படாது. கோளாறு என்று பயப்படாதீர்கள்.

பாதுகாப்பு முறையையும் பாருங்கள். டபிள்யுபிஏ2 ஏஇஎஸ் அல்லது டபிள்யுபிஏ3 இருக்க வேண்டும். பழைய டிகேஐபி அல்லது டபிள்யுஇபி என்று இருந்தால் எவ்வளவு நல்ல ரவுட்டரானாலும் வேகம் 54க்கு மேல் ஏறாது. அமைப்பில் ஒரே ஒரு தேர்வை மாற்றினால் தீர்ந்துபோகும் பிரச்சினை இது.

போன் திரையில் "இணைப்பு வேகம் 433" என்று தெரிவதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவில் பேசிக்கொள்ளும் உச்ச வேகம். வைஃபையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பதால் கைக்கு வருவது அதில் பாதியை ஒட்டித்தான் இருக்கும்.

6. வேகம் இருந்தும் இழுக்கிறதா?

சோதனையில் எண் நன்றாக இருக்கிறது, ஆனால் வீடியோ காலில் குரல் உடைகிறது, விளையாட்டு தடுமாறுகிறது. இது வேறு நோய். யாரோ ஒருவர் போன் தன் படங்களை கிளவுடில் (இணையச் சேமிப்பகத்தில்) ஏற்றிக்கொண்டிருக்கும். பதிவேற்றம் நிரம்பியதும் மோடம் தரவுப் பொட்டலங்களை வரிசையில் நிறுத்திவைக்கும். உங்கள் குரலும் அந்த வரிசையின் வாலில் போய் நிற்கும்.

கண்டுபிடிப்பது சுலபம். நெட் சும்மா இருக்கும்போது பிங் பாருங்கள், பெரிய கோப்பு ஒன்றை ஏற்றிக்கொண்டே மறுபடி பாருங்கள். 10 மில்லிநொடி 300 ஆனால் இதுதான். ரவுட்டரில் எஸ்க்யூஎம் அல்லது க்யூஓஎஸ் என்ற வசதி (இந்த வரிசையை ஒழுங்குபடுத்துவது) இருந்தால் இயக்கி, அளந்த வேகத்தில் 90 சதவீதத்தை வரம்பாகக் கொடுங்கள். உச்ச எண் கொஞ்சம் குறையும், வீடு நிம்மதியாகும். அந்த வசதி இல்லாவிட்டால் படங்கள் ஏறுவதை நள்ளிரவுக்குத் தள்ளிவையுங்கள்.

7. யார் யார் உள்ளே இருக்கிறார்கள்

ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில், இணைந்துள்ள கருவிகளின் பட்டியல் இருக்கும். பெயர் தெரியாதது நிறைய இருந்தால் வைஃபை பாஸ்வேர்டை மாற்றி, டபிள்யுபிஎஸ் வசதியை (பாஸ்வேர்டு இல்லாமல் பொத்தானிலோ சிறு எண்ணிலோ இணைவது) அணையுங்கள். ஒரே ஒரு லேப்டாப்பில் மட்டும் மெதுவாக இருந்தால் குற்றம் அந்த லேப்டாப்பில்.

8. டிஎன்எஸ் மாற்றலாமா?

டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை. மாற்றலாம். 1.1.1.1, 8.8.8.8, 9.9.9.9 எதுவும் இலவசம். பக்கங்கள் திறக்க ஆரம்பிக்கும் தாமதம் குறையலாம். பதிவிறக்க வேகம் கூடாது. டிஎன்எஸ் மாற்றி வேகத்தை இரட்டிப்பாக்கினேன் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

9. காசு செலவழிக்கும் வரிசை

முதலில் கேபிள். அடுத்து, அசையாமல் ஓரிடத்தில் இருக்கும் டிவி, மேசைக் கணினி போன்றவற்றை வயரில் இணைப்பது. வைஃபையில் மற்றவர்களுக்கு இடம் கிடைக்கும். அதன்பின் பழைய ரவுட்டரை மாற்றுவது. வாங்கும் முன் ஜிகாபிட் போர்ட், இரண்டு அலைவரிசை, கம்பெனியின் ஃபைபர் பெட்டியோடு ஒத்துப்போகுமா என்ற மூன்றையும் கேளுங்கள். சொந்த ரவுட்டரை வைத்தால் கம்பெனிப் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு (ரவுட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்துவது) மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இரண்டும் ரவுட்டராக வேலை செய்து விளையாட்டு, கேமரா போன்றவற்றில் தகராறு வரும்.

பெரிய வீட்டுக்கு மெஷ் (ஒன்றுசேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் பல பெட்டிகள்) நல்லது, அதுவும் பெட்டிகளை வயரால் இணைத்தால். ஒரே அலைவரிசையில் ஓடும் விலை குறைந்த ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி) வேகத்தைப் பாதியாக்கும். சுவரில் செருகினால் நெட் வேகம் கூடும் என்று விற்கும் 'பூஸ்டர்' ஆப்களும் பிளக்குகளும் வேண்டவே வேண்டாம்.

பெரிய பிளான் கடைசி. 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 எம்பிபிஎஸ், முழு எச்டிக்கு 5. கேபிளில் 100 ஒழுங்காக வந்தால் ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு அது தாராளம்.

10. லைன்தான் குற்றம் என்றால்: புகார்

வைஃபையில் எடுத்த அளவை வைத்துப் புகார் கொடுத்தால் "உங்க வைஃபை பிரச்சினை" என்று முதல் நிமிடத்திலேயே முடித்துவிடுவார்கள். கேபிள் அளவோடு போங்கள். கையில் இருக்க வேண்டியவை: கடைசி பில், வாடிக்கையாளர் எண், பிளான் பக்கத்தின் படம், மூன்று வேளை சோதனைப் படங்கள், பெட்டி விளக்குகளின் படம், ஒளியளவு அல்லது எஸ்என்ஆர் பக்கத்தின் படம்.

போனில் சொன்னாலும் புகார் எண்ணை வாங்கி, அதே விவரத்தை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். டெக்னீஷியன் வந்தால் பெட்டியிலிருந்து கேபிள் போட்டு உங்கள் எதிரிலேயே அளக்கச் சொல்லுங்கள். பகலில் வந்து பார்த்துவிட்டு "சரியாயிடுச்சு" என்று கையெழுத்து கேட்பார். உங்கள் பிரச்சினை இரவு நெரிசல் என்றால், இரவு அளந்து பார்க்காமல் புகாரை மூட ஒப்புக்கொள்ளாதீர்கள். மூடிவிட்டால் அடுத்த முறை புது எண், கதை மறுபடி முதலிலிருந்து.

தீர்வு தரச் சொன்ன கெடு தாண்டினால், பழைய புகார் எண்களை எல்லாம் குறிப்பிட்டு மேல்முறையீட்டு அதிகாரிக்கும், அதன்பின் உங்கள் நாட்டுத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்புக்கும் எழுதலாம். கிடைக்காத நாட்களுக்கு பில்லில் கழிவு கேளுங்கள். கேட்காமல் தர மாட்டார்கள்.

கம்பெனி மாறுவது என்று முடிவெடுத்தால், ஒப்பந்தக் காலம் முடியும் முன் வெளியேறினால் எவ்வளவு கட்டணம் என்று பாருங்கள். புது இணைப்பு வந்து, மூன்று வேளை கேபிளில் அளந்த பிறகு பழையதை நிறுத்துங்கள். முன்பணம் கட்டியிருந்தால் அது எப்போது திரும்பும் என்று எழுத்தில் கேளுங்கள். பழைய பெட்டியையும் அடாப்டரையும் வாங்க வருபவரிடம் வரிசை எண் எழுதிய ரசீது வாங்காமல் கொடுக்காதீர்கள். பெட்டி வரவில்லை என்று மாதங்கள் கழித்து பில் வந்தால் காட்ட வேறு எதுவும் இருக்காது.